நான் திறந்து வைத்த டி டிரைவ்

என் ஸ்டுடியோவுக்கு வந்த ஒரு பெண்ணின் படத்தையும் அவள் அப்பாவின் கைபேசி எண்ணையும் கண்டவர் எல்லாம் எடுத்துக்கொள்ளும்படி வைத்தவன் நான். தெரியாமல் வைத்தேன். அது முதல் குற்றம். தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. என்னிடம் வேலை பார்த்த பையன்மேல் விழுந்த பழியை அவன்மேலேயே கிடக்க விட்டேன். அது இரண்டாவது. இரண்டாவதுதான் பெரியது. ஆனால் முதலாவதைச் சொல்லாமல் அதற்குப் போக முடியாது.

யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்ணின் பெயர் ஒருமுறை என்னால் வெளியே போனது போதும்.

நடந்தது 2008இல். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பாஸ்போர்ட் சைஸ் படம், கல்யாண ஆல்பம், வீடியோ மிக்ஸிங் எல்லாம் என் கடையில் உண்டு. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்திருந்த நேரம். அந்த வட்டாரத்தில் முதலில் கணினி வாங்கிப் போட்ட ஸ்டுடியோ என்னுடையது. அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. மற்ற ஸ்டுடியோக்காரர்கள் போட்டோஷாப்பில் சந்தேகம் வந்தால் என்னிடம் வருவார்கள். தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பேன். தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்லிக்கொடுப்பேன். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் வேர்.

கல்யாண வீடியோவுக்குப் பாட்டு வேண்டும். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒன்று, தாலி கட்டுக்கு ஒன்று, மறுவீட்டுக்கு ஒன்று. அதற்காகத் திருநெல்வேலிக்குப் போய் சி.டி. வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்கு பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்ததும் அந்தச் செலவு மிச்சம் என்று நினைத்தேன். அப்போதிருந்த 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணிவரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. பாட்டு இறக்க ஒரு மென்பொருளைப் போட்டேன். குனுடெல்லா என்ற வலையில் ஓடுகிற மென்பொருள்களில் அது ஒன்று. அதன் பெயரை எழுதினால் பழியை அதன்மேல் போட்டதாகிவிடும். அதனால் விடுகிறேன்.

அந்த வகை மென்பொருளின் ஏற்பாடு எளிமையானது. நாம் கேட்கிற பாட்டு ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தின் கணினியிலிருந்து வருவதில்லை. நம்மைப்போல இன்னொருவர் வீட்டில் வைத்திருக்கும் கணினியிலிருந்து நேராக வருகிறது. அதேபோல நம் கணினியில் இருப்பதை மற்றவரும் எடுத்துக்கொள்ளலாம். எந்த ஃபோல்டரில் இருப்பதை எடுக்கலாம் என்று நாம்தான் சொல்கிறோம். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. மென்பொருளைப் போடும்போதே கேட்கும். என்னிடமும் கேட்டது.

அந்த நிமிடத்தை நான் பலமுறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். திரையில் ஒரு கட்டம். ஃபோல்டரைத் தேர்ந்தெடு என்றது. என் பாட்டெல்லாம் டி டிரைவில் தனித்தனி ஃபோல்டராகச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொன்றாகக் காட்ட எனக்குப் பொறுமை இல்லை. டி டிரைவ் முழுவதையும் காட்டினேன். உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டர்களும் இதில் சேரும் என்பதற்கும் அங்கே ஒரு வரி இருந்திருக்கும். நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் எல்லாம் புரிந்திருக்காது. பக்கத்தில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்.

டி டிரைவில்தான் வாடிக்கையாளர்களின் படங்களும் இருந்தன. கல்யாணங்கள், சடங்கு வீடுகள், பள்ளிக்கூடத்து அடையாள அட்டைப் படங்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களின் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை ஸ்கேன்கள். வரன் பார்ப்பதற்காகப் பெண்கள் எடுத்துக்கொள்ளும் முழுப் படங்களும் இருந்தன. பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, அம்மாவோ அத்தையோ கூட நிற்க, கூச்சத்தோடு எடுத்துக்கொள்ளும் படங்கள். கல்யாணத் தரகரிடமும் உறவுக்காரரிடமும் மட்டுமே போக வேண்டியவை.

இன்னொன்றும் செய்திருந்தேன். படத்தின் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வந்தவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் சேர்த்தே வைப்பேன். பிரிண்ட் வந்ததும் பில் புத்தகத்தைப் புரட்டாமல் அழைத்துச் சொல்ல வசதி. இதைக் கண்டுபிடித்ததாக மற்ற ஸ்டுடியோக்காரர்களிடம் பெருமையடித்திருக்கிறேன்.

குனுடெல்லா வலையில் தேடுவது கோப்பின் பெயரை வைத்துத்தான். அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு சினிமாவும் உண்டு. அந்தப் படத்துப் பாட்டைத் தேடிய எவனோ ஒருவனுக்குப் பாட்டுகளுக்கு நடுவே ஒரு படக்கோப்பு கண்ணில் பட்டிருக்கும். பெயருக்குப் பக்கத்தில் பத்து இலக்க எண். அந்த மென்பொருள்களில் ‘பிரவுஸ் ஹோஸ்ட்’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு கோப்பு யாரிடம் இருக்கிறதோ, அவர் திறந்துவிட்ட மற்ற கோப்புகளையெல்லாம் அதில் பட்டியலாகப் பார்க்கலாம். இப்படித்தான் நடந்தது என்று சாட்சி வைத்து என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வழி அதுதான். வேறு வழியை இன்றுவரை நான் காணவில்லை.

அடையாளங்கள் இல்லாமல் இல்லை. எத்தனை கோப்புகளைப் பகிர்கிறாய் என்று அந்த மென்பொருள் திரையின் அடியில் எண் காட்டிக்கொண்டே இருந்தது. ஆயிரக்கணக்கில் காட்டியது. என்னிடம் அத்தனை பாட்டு கிடையாது. எண் பெரிதாக இருந்ததில் எனக்கு மகிழ்ச்சி. எதெல்லாம் வெளியே போகிறது என்று பார்க்கவும் ஒரு பக்கம் இருந்தது. நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் மூடிவிட்டதாக நினைத்தேன். அது கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னப் படமாகப் போய் உட்கார்ந்து பகலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பிராட்பேண்ட் பில் ஏறியது. தொலைபேசி நிலையத்துக்குப் போய் அங்கிருந்த ஊழியரிடம் சத்தம் போட்டேன். எங்கே போகிறது என்று என் கணினியில் பார்க்கவில்லை.

பெண்ணின் அப்பா ஒரு மதியம் கடைக்கு வந்தார். விவசாயம் பார்ப்பவர். அதிர்ந்து பேசமாட்டார். இரவு பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்கெல்லாம் யார் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றார். மகள் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். இந்திக்காரன் பேசுகிறான், மலையாளத்தில் பேசுகிறான். சொல்லக் கூடாததை எல்லாம் சொல்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் இணையத்தில் அவள் பெயரில் யாரோ போட்டிருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறான். பட்டுச்சேலைப் படம். கீழே அப்பாவின் எண்.

“அண்ணாச்சி, எம்பிள்ள அந்தச் சேலையில ஒங்க கடையிலதான் படம் எடுத்தா. வேற எங்கயும் எடுக்கல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். குற்றம் சாட்டவில்லை. கேட்டார்.

எனக்கு உள்ளுக்குள் நடுங்கியது. கடை பெயர் கெட்டுவிடும் என்பதுதான் முதலில் தோன்றியது. அந்தப் பெண் தோன்றவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த கணமே பையன் ஞாபகம் வந்தது. என்னிடம் இரண்டு பொங்கல் கழித்திருந்த பையன். அப்பா இல்லாதவன். படம் வெட்டுவது, ஆல்பம் டிசைன் பண்ணுவது எல்லாம் அவன் கைவேலை. கணினியில் உட்காருகிறவர்கள் நாங்கள் இருவர்தான். நான் செய்யவில்லை. ஆகவே அவன். என் புத்தி ஓடியது இவ்வளவு தூரம்தான்.

அவர் முன்னாலேயே கூப்பிட்டுக் கேட்டேன். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள்.

“அண்ணாச்சி, நான் ஒண்ணும் எடுக்கல. எங்கிட்ட ஒரு பென் டிரைவ்கூடக் கிடையாது” என்றான்.

“அப்ப நானால கொடுத்தேன்?” என்று கத்தினேன்.

ஆம், நான்தான் கொடுத்திருந்தேன். அந்த நேரத்திலும் என் மேசைக்கு அடியில் கணினி ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே அவனை நிறுத்தினேன். அந்த மாதச் சம்பளத்தையும் கொடுக்கவில்லை. சில நாள் கழித்துப் பெண்ணின் உறவுக்காரப் பையன்கள் அவனைப் பஸ் ஸ்டாண்டில் வைத்து அடித்தார்கள். முன்பல் ஒன்று போயிற்று. அக்கம்பக்கத்து ஊர்களில் எந்த ஸ்டுடியோவும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்க்காதீர்கள் என்று நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. ஆனால் கேட்டவர்களிடம் நடந்ததாக நான் நம்பியதைச் சொன்னேன். அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான்.

பெண்ணுக்குப் பேசிக்கொண்டிருந்த இடம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவள் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தி அவளைத் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் படத்தை வெளியே விட்டவன் நான். தண்டனை அவளுக்கு.

இதற்கப்புறம் சில வாரங்களில் கணினி மெதுவாகிறது என்று சர்வீஸ் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னப் படத்தை அழுத்தினான். பட்டியல் விரிந்தது. பிள்ளைகளின் படங்கள், ரேஷன் கார்டுகள், யார் யாரோ வீட்டுக் கல்யாணங்கள். அதில் சில அந்த நேரமே வெளியே போய்க்கொண்டிருந்தன.

“அண்ணாச்சி, ஒங்க டி டிரைவ் பூரா தொறந்து கெடக்கே. யாரு வேணும்னாலும் எடுக்கலாமே” என்றான்.

புரிந்துவிட்டது. விளக்கமே தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணின் கோப்பு என் கண்முன்னே இருந்தது, பெயரோடும் எண்ணோடும்.

நான் என்ன செய்தேன்? அந்த மென்பொருளை அழிக்கச் சொன்னேன். யாரிடமும் பேச வேண்டாம் என்றேன். வழக்கமாகக் கொடுப்பதைவிட அதிகமாகப் பணம் கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையிலேயே அவனுக்கும் விஷயம் விளங்கிவிட்டது என்று தெரிந்தது. பையனை அடித்த செய்தி ஊருக்கே தெரியும்.

மறுநாள் அந்த அப்பாவின் வீட்டுக்குப் போயிருக்கலாம். நடந்து போகிற தூரம்தான். திருப்பூருக்கு ஒரு பஸ் ஏறியிருக்கலாம். போகவில்லை. ஆவணியில் முகூர்த்தங்கள் இருந்தன. அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். பெண் வீட்டார் படங்களை நம்பிக் கொடுக்கிற தொழில் இது. சொன்னால் கடையை மூட வேண்டியதுதான் என்று பயந்தேன். பயம் பாதி. மீதி, வீம்பு. கணினி தெரிந்தவன் என்று ஊரில் பெயரெடுத்தவன், ஒரு கட்டத்தை வாசிக்கத் தெரியாமல் பெண்பிள்ளைகளின் படங்களைத் திறந்துவிட்டான் என்று நாலு பேர் சொல்வதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. ஒரு பையனின் பெயரைவிட அந்த வீம்பு எனக்குப் பெரிதாகப் பட்டது.

பிறகு வந்த ஆண்டுகளில் இந்த மென்பொருள்களைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன். அறிவுத் தாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

சாக்கு நிறையக் கிடைத்தது. அமெரிக்காவில் நேதனியல் குட், ஏரன் கிரெகல்பெர்க் என்ற இருவர் 2002இலேயே கஸா என்ற மென்பொருளை வைத்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். 12 பேரை உட்காரவைத்து, இந்தக் கணினியில் எதெல்லாம் பகிரப்படுகிறது என்று கேட்டார்கள். வட்டு முழுவதுமே திறந்து கிடந்தது. சரியாகச் சொன்னவர்கள் 2 பேர். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் மட்டும் முட்டாள் இல்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. கிரெடிட் கார்டு என்று பெயரிட்ட பொய்க் கோப்பு ஒன்றை அவர்கள் வலையில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே நாளில் ஆட்கள் வந்து எடுத்துப்போனார்கள். பெயரைப் பார்த்தே எடுத்தார்கள். நான் பெயரோடு எண்ணையும் எழுதி வைத்திருந்தேன். சாக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

ஜப்பானில் வின்னி என்று இதே மாதிரி மென்பொருள் ஒன்று இருந்தது. 2002இல் வந்தது. அதில் பரவிய ஆண்டினி என்ற வைரஸ் கணினியில் இருந்த கோப்புகளை எடுத்து வலையில் போட்டது. போலீஸ்காரர்கள், தற்காப்புப் படையினர் தங்கள் சொந்தக் கணினியில் வைத்திருந்த அலுவலக ஆவணங்கள்வரை வெளியே போயின. 2006 மார்ச்சில், அப்போது அமைச்சரவைத் தலைமைச் செயலாளராக இருந்த ஷின்சோ அபே, வின்னியைப் பயன்படுத்தாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். என் கணினியில் வைரஸும் இருக்கும் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பொய். வைரஸ் செய்ய வேண்டிய வேலையை நானே செய்து முடித்திருந்தேன்.

ஃபைசர் மருந்து நிறுவனத்தில் 2007இல் ஓர் ஊழியரின் மடிக்கணினியில் அவருடைய வாழ்க்கைத் துணை இந்த மாதிரி மென்பொருளைப் போட்டதால் சுமார் 17,000 பேரின் விவரம் வெளியே போனது. வர்ஜீனியாவில் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் ஊழியர் அலுவலகக் கணினியில் போட்டார். சுமார் 2,000 வாடிக்கையாளர்களின் விவரம் போனது. அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஸ்டீபன் பிரேயரும் அந்தப் பட்டியலில் இருந்தார். அது தெரியவந்ததும் 2008இல்தான். இவற்றைப் படித்தபோது என்னை உறுத்தியது வேறு. அந்த இரண்டு இடங்களிலும், தாமதமாகவேனும், பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவித்தார்கள். நான் ஒருவருக்கும் அறிவிக்கவில்லை. என் டி டிரைவில் இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களில் மற்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அவர்களில் பலருக்குத் தங்கள் படம் வெளியே போனதே இன்றுவரை தெரியாது.

போனதைத் திரும்ப வாங்க வழியும் கிடையாது. குனுடெல்லாவுக்கு நடுவில் ஒரு கணினி இல்லை. போய்க் கேட்க ஓர் அலுவலகம் இல்லை. எடுத்தவன் கணினியிலிருந்து அடுத்தவன் எடுப்பான். குனுடெல்லா மென்பொருளே அப்படித்தான் பரவியது. 2000 மார்ச்சில் நல்சாஃப்ட் நிறுவனத்தார் அதை வெளியிட்டார்கள். தாய் நிறுவனமான ஏ.ஓ.எல். மறுநாளே இறக்கிவிட்டது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் எடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தாலேயே அதைத் திரும்ப அழைக்க முடியவில்லை. 

2010 அக்டோபரில் நியூயார்க்கில் நீதிமன்றம் லைம்வயரை நிறுத்தச் சொன்னது. அந்த வலையில் அதிகம் பேர் வைத்திருந்தது அதுதான். அடுத்த ஆண்டு இசை நிறுவனங்களுக்கு 105 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது, இனி யாரும் எதையும் தோண்டமாட்டார்கள் என்று எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்து இப்போது கூசுகிறேன். பாட்டுக்கு உரிமைக்காரர்கள் இருந்தார்கள், வழக்குப் போட்டார்கள், ஈடு வாங்கினார்கள். அந்தப் பெண்ணுக்காகப் பேசியிருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். நான் கல்யாண வீடியோவுக்குப் பாட்டுக் கோத்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய அப்பா இறந்துவிட்டார். சாவு வீட்டுக்குப் போய் நின்றேன். அங்கேயும் சொல்லவில்லை. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று விசாரித்தால் தெரிந்துவிடும். விசாரிக்கவில்லை. அவளைத் தேடிக் கண்டுபிடிக்கும் உரிமை எனக்கில்லை என்று காரணம் சொல்லிக்கொள்கிறேன். அதில் உண்மை உண்டு. பயமும் உண்டு.

பையனைக் கடைசியில் கூப்பிட்டேன். வெகு ஆண்டுகள் கழித்து. அவனுக்கு இப்போது திருப்பூரில் சொந்தமாக ஒரு சின்னப் பிரிண்டிங் பட்டறை. கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கின்றன. நான் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசவில்லை.

“தெரியும் அண்ணாச்சி” என்றான். சர்வீஸ் தம்பி அவனிடம் அப்போதே சொல்லிவிட்டானாம். “நீங்களா சொல்லுவீங்கன்னு நெனச்சேன். பொங்கலுக்கு வாறப்பல்லாம் ஒங்க கடை முன்னால ரெண்டு தடவ நடப்பேன். பொறவு வாறதையே விட்டுட்டேன்.”

மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. “எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே. ஊருக்குச் சொல்லுங்க. எங்கம்மா அந்தத் தெருவுலதான் இன்னும் இருக்கா” என்றான்.

அதனால் எழுதுகிறேன். கொடுக்காமல் வைத்திருந்த சம்பளத்தை அனுப்பினேன். அவன் திருப்பி அனுப்பிவிட்டான்.

ஸ்டுடியோ வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது அந்தப் பழைய மென்பொருள்களைப் பெரும்பாலோர் வைத்திருப்பதில்லை. ஷேர்இட், செண்டர் போன்ற செயலிகளையும் அரசாங்கம் 2020இல் தடை செய்துவிட்டது. ஆனால் ஆல்பத்தை எல்லாம் ஆன்லைனில் ஏற்றி, லிங்க் கிடைத்தவர் எவரும் திறக்கலாம் என்று வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். அனுப்பியதை மறந்துவிடுகிறீர்கள். இன்று கடை சாத்துவதற்கு முன், எதையெல்லாம் பகிர்ந்திருக்கிறீர்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று யாரிடமாவது கேளுங்கள். கோப்புக்கு பில் நம்பர் போதும், ஆள் பெயரும் போன் நம்பரும் வேண்டாம்.

எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் கடை எது, ஆள் யார் என்று தெரிந்துகொள்வீர்கள். தெரியட்டும். அந்தப் பையன் படத்தை எடுக்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அவனைப் பற்றி நான் உங்களிடம் சொன்னது பொய். அவன் அம்மாவை வழியில் பார்த்தால், இது உங்களுக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லுங்கள்.